கடைசிக் கோழித்துண்டு

“இதுக்கு மேல ரயில் போகாதாம்” என்றார் அப்பா. “மழை ரொம்ப பலமாம்.”

பெப்பு நகரத்து வெந்நீர் ஊற்றுக்குக் கிளம்பியவர்கள், நகாட்சு நிலையத்தில் பெட்டிகளோடு இறங்கி நின்றார்கள். தகுமிக்கு ஏமாற்றம். ஊற்றுக்காக அல்ல, நாகிக்காக.

நாகிக்கு எட்டு வயது. போன மாதம் அப்பா காயோம்மாவைத் திருமணம் செய்துகொண்டபோது, அவரோடு வீட்டுக்கு வந்த புதுத் தங்கை. எதைக் கொடுத்தாலும் “பரவால்லீங்க.” எதைச் சொன்னாலும் “சரிங்க.” இந்தப் பயணத்திலாவது அவள் தன்னோடு கலகலவென்று பேசிவிடுவாள் என்று பதினோரு வயதுத் தகுமி நம்பியிருந்தான்.

தெருவில் பூண்டும் இஞ்சியும் மணந்தன. மணத்தைப் பிடித்துக்கொண்டே போனால், கோழி பொரிக்கும் சின்னக் கடை!

“வாங்க, வாங்க! நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி வந்திருக்கீங்களே!” என்றார் கடைக்கார உமெனோ அத்தை. “பயப்படாதீங்க, உங்கள பொரிக்க மாட்டேன்.”

“ரொம்ப நேரமாகுமா?” என்றார் அப்பா.

“கேட்ட பிறகுதான் எண்ணெய்ல போடுவேன். பொரிச்சு வெச்சத வித்தா, இந்த ஊர்ல என்னை நடமாட விடுவாங்களா?”

ஆவி பறக்க ஒரே பெரிய தட்டு வந்தது. ஓரத்தில் பாதியாக நறுக்கிய கபோசு, அந்தப் பக்கத்துப் பச்சை எலுமிச்சை. தகுமி அதை எடுத்துத் தட்டு முழுக்கப் பிழிந்தான்.

“உனக்காகத்தான் நாகி, சாப்பிடு!”

கோழியை எடுக்க நீண்ட நாகியின் சாப்பாட்டுக் குச்சிகள் பாதி வழியில் நின்றன.

“எனக்குப் பசிக்கலீங்க.”

அப்போது பார்த்து அவள் வயிறு ‘கடமுடா’ என்றது. எல்லோரும் கேட்காததுபோல் இருந்தார்கள்.

“கேட்டுட்டுப் பிழிஞ்சிருக்கலாம்லடா?” என்று முணுமுணுத்தார் அப்பா.

“இல்லீங்க, பரவால்லீங்க” என்றாள் நாகி அவசரமாக.

தகுமி யோசித்தான். வீட்டில் தன் ஜன்னலோரப் படுக்கையை விட்டுக்கொடுத்தது, நீலத்திரை போட்டது, எல்லாம் அவளுக்காகத்தான். ஆனால், ஒன்றையாவது அவளிடம் கேட்டோமா?

எழுந்தான். “அத்தை, இன்னொரு தட்டு. எப்படி வேணும்னு என் தங்கச்சி சொல்லுவா.”

“எப்படி இருந்தாலும்...” என்று இழுத்தாள் நாகி.

“அப்படி ஒரு கோழி எங்கிட்ட இல்லியே கண்ணு!” உமெனோ அத்தை கையைக் கட்டிக்கொண்டார். “நீ சொல்ற வரைக்கும் நான் அசைய மாட்டேன்.”

நாகி தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “புளிப்பு வேணாம். எலும்போட வேணும். தோல் மொறுமொறுன்னு இருக்கணும்” என்றாள். கொஞ்சம் நிறுத்தி, “அப்புறம்... ஜன்னல்கிட்ட படுத்தா குளிருது” என்றாள்.

“ஒரு மாசமாவா! சொல்லவே இல்லியே!” என்றான் தகுமி.

“நீங்க கேக்கவே இல்லியே!”

காயோம்மா தண்ணீர் குடிப்பதுபோல் சிரிப்பை மறைத்தார்.

புதுத் தட்டும் வந்து, மளமளவென்று காலியானது. ஒரே ஒரு துண்டு மிஞ்சியது.

“நீங்க எடுங்க” என்றார் காயோம்மா.

“அய்யோ, நீ எடு” என்றார் அப்பா.

கடைசித் துண்டுக்கு எங்கேயும் இதே கதிதான். மரியாதை பார்த்துப் பார்த்தே அது ஆறிப்போகும். விருந்தாளியோ அதன் பக்கம் திரும்பவே மாட்டார்.

சட்டென்று ஒரு கை நீண்டது. துண்டு நாகியின் வாய்க்குள் போனது. தகுமி வாயைப் பிளந்தான்.

“என்ன பாக்கற?” என்றாள் நாகி, கன்னம் உப்ப. “கேட்டிருந்தா பாதி குடுத்திருப்பேன்ல, அண்ணா!”

தகுமிக்கு வயிறு நிறைந்துவிட்டது.