பத்துக்கு ஒன்பது

காலை எட்டரை மணிக்கு முதல் வாக்கியம் திரையில் வந்தது. ‘மை பிரதர் ஹேவ் ஃபீவர்.’ ‘ஹேஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஹேவ்’. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் எழுதியவருடைய பிழைத்தடம் இருந்தது: ஒருமைக்குப் பன்மை வினை, நூற்றுக்கு எண்பது முறை. இரண்டும் பொருந்தின. பச்சைப் பொத்தானை அழுத்தினேன். எங்கோ கடலுக்கடியில் ஒருவருடைய தம்பிக்குக் காய்ச்சல். இனி மருந்து போகும்.

பதினோரு வருடம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவள் நான். அங்கே பிழையைக் கண்டால் சிவப்பு மை. இங்கே, தூத்துக்குடி தடத்தேர்வு அலுவலகத்தில், எல்லாம் தலைகீழ். பிழை இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சேர்ந்த புதிதில் என் கை தன்னால் சிவப்புப் பக்கம் போகும். பக்கத்து மேசை தமயந்தி, “எக்கா, பள்ளிக்கூடம் விட்டாச்சு” என்று சொல்லி மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துவாள்.

கடலடிச் சுரங்கங்களிலிருந்து குரல் மேலே வராது. நாலாயிரம் மீட்டர் தண்ணீரைத் தாண்டி ஒலியலையில் வருவது சில வரி எழுத்து மட்டும்தான். பல நாட்டு ஆட்கள் வேலை செய்யும் இடமென்பதால் எல்லாம் ஆங்கிலத்தில். அந்த வழியில்தான் கனிமத் திருடர்கள் போலிச்செய்தி இயந்திரங்களைப் புகுத்தினார்கள். வடக்கே ஒரு சுரங்கத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று இயந்திரம் அழும். மீட்புக் கலங்கள் வடக்கே ஓடும். தெற்கே கொள்ளை நடக்கும். ஒருமுறை நாற்பது பேர் உண்மையாகவே அழுதபோது, போவதற்குக் கலம் இல்லை.

கடவுச்சொல்லை இயந்திரம் திருடிவிடும். அதனால் திருட முடியாதது மனிதனுடைய பிழை மட்டும்தான் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இயந்திரத்தைத் தப்பாக எழுதச் சொன்னால், ரசத்தில் கொத்தமல்லி தூவுவதுபோல எல்லா இடத்திலும் சீராகத் தூவும். மனிதன் அப்படியில்லை. ஐந்தாம் வகுப்பில் எங்கே தடுக்கினானோ, ஐம்பது வயதிலும் அங்கேதான் தடுக்குவான். அதனால் வேலைக்குச் சேரும் நாளில் ஒவ்வொருவரிடமும் நாலு பக்கம் எழுதி வாங்கி, அதிலுள்ள தப்புகளைப் பிழைத்தடமாகப் பதிந்துகொள்கிறார்கள். எதற்கென்று அவர்களிடம் சொல்வதில்லை. சொன்னால் திருடர்கள் காதுக்கும் போய்விடும். நாங்களும் வீட்டில்கூட வாய் திறக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒரு செய்தியைப் பிரித்து எங்களில் ஆளுக்கொரு வாக்கியம்தான் தருவார்கள், பெயர் இடம் எதுவும் இருக்காது. எங்களில் இரண்டு பேர் சிவப்பை அழுத்தினால் செய்தி முழுவதும் குப்பைக்குப் போகும்.

என் கணவர் சந்தியாகு அப்படியொரு சுரங்கத்தில்தான் பம்பு மெக்கானிக்.

கல்யாணமான புதிதில், அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு விடுப்புக் கடிதத்தை என் அக்கா வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்துச் சிரித்தார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “இனிமே எனக்கு நீ திருத்திக் குடு டீச்சர்” என்றார். அன்றிலிருந்து எனக்கு எழுதும் கடிதமெல்லாம் ஆங்கிலம்தான். மாதம் ஒரு முறை சரக்குக் கலத்தில் காகிதமாக வரும். நான் சிவப்பு மையில் திருத்தி, தலைப்பில் பத்துக்கு இவ்வளவு என்று போட்டு, நாலாக மடித்து அடுத்த கலத்தில் திருப்பி அனுப்புவேன். மூன்று, நான்கு என்று தொடங்கி மெல்ல ஏறி வந்தார். மற்ற தம்பதிகள் எப்படிக் கொஞ்சிக்கொள்வார்களோ எனக்குத் தெரியாது. நாங்கள் இப்படித்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் மசியவில்லை. இரண்டு, மூன்று என்று எண்ணைச் சொல்லிவிட்டால் பிறகு பன்மைக்கு எஸ் போடமாட்டார். ‘டூ பம்ப்’, ‘த்ரீ டே’. லீவில் வந்திருந்தபோது மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்தபடி என்னோடு மல்லுக்கட்டினார்.

“மூணுன்னு சொல்லியாச்சுல்லா? பெறகு எஸ் எதுக்கு? நாம மூணு பம்புன்னு சொன்னா ஒனக்கு வெளங்கலையா?”

இந்த அலுவலகத்தில் சேர்ந்ததும் முதல் நாள் பயிற்சி. ஒவ்வொரு மாதமும் சிவப்பு மையால் நான் எதை அழித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த மாதக் கடிதத்தைத் திருத்தாமல், மதிப்பெண் போடாமல் அனுப்பினேன். அடுத்த கலத்தில் பதில் வந்தது. நலம் விசாரிப்புக்கூட இல்லை, ஒரே வரி: என்மேல் கோபமா டீச்சர்?

அந்த வரியை எதிரில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. உண்மையைச் சொல்ல வழியில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. மறுபடி திருத்த ஆரம்பித்தேன். ஆனால் அந்த எஸ்ஸை மட்டும் தொடாமல் விட்டேன். அவருடைய தடத்தில் அது ஒன்று மீதமிருந்தால் போதும், ஆபத்து என்றால் அது அவரை மேலே கொண்டுவந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அதற்கு மட்டும் மனசாட்சிக்காக ஒரு மதிப்பெண் குறைத்தேன். மூன்று வருடமாக அவருக்கு ஒன்பதுதான். அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று கேட்டார். கையெழுத்துக்குக் குறைத்தேன் என்று கூசாமல் பொய் சொன்னேன். பாவம், அதற்குப் பிறகு அவருடைய எழுத்து முத்து முத்தாக ஆகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஒரு வாக்கியம் வந்தது. ‘டூ பம்ப்ஸ் ஹேவ் ஃபெயில்ட், அண்ட் த்ரீ ஆஃப் அஸ் ஆர் லாக்ட் இன் தி லோயர் சேம்பர்.’ இரண்டு பம்புகள் நின்றுவிட்டன, மூன்று பேர் கீழறையில் மாட்டிக்கொண்டிருக்கிறோம். கீழே பிழைத்தடம்: எண்ணுக்குப் பின் பன்மை விடுபடும், நூற்றுக்குத் தொண்ணூறு முறை. தமிழ்நாட்டில் பாதிப் பேருடைய தடம் அதுதான், அதனால் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. எஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருந்தது. கால்புள்ளிகூடச் சரியான இடத்தில் இருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் அறையில் யார் இவ்வளவு அழகாக எழுதுவார்கள் என்று நினைத்தேன். ஒரு போலியைப் பிடித்துவிட்ட திருப்தியோடுதான் சிவப்பை அழுத்தினேன். பிறகு தமயந்தியோடு போய் டீ குடித்தேன்.

வியாழக்கிழமை மதியம் மேற்பார்வையாளர் கோமதிநாயகம் என்னை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டுத் தன் நாற்காலியில் உட்காராமல் நின்றார். நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். புதன் மதியம் ஷிப்ட் மாற ஆள் வராததைப் பார்த்துத்தான் தாய்க்கப்பலில் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். செவ்வாய் காலையே தகவல் போயிருந்தால் எட்டு மணி நேரத்தில் கலம் சேர்ந்திருக்கும். உள்ளே இருபது மணி நேரத்துக்குக் காற்று இருந்திருக்கிறது. மூன்று பேருடைய பெயரையும் வாசித்தார். இரண்டாவது பெயர் சந்தியாகு.

“செய்தி நம்மகிட்டதான் மேடம் வந்திருக்கு. ரெண்டு பேரு செவப்பு போட்டிருக்காவ. யாருன்னு நான் பாக்கல. பாக்கவும் மாட்டேன்.”

“ஒண்ணு நான் போட்டது சார்” என்றேன். “ரெண்டு பம்பு நின்னுபோச்சுன்னு இருந்திச்சு. எஸ் சரியா இருந்திச்சு.”

அவர் என்னைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொரு சிவப்பு யாருடையது என்று எனக்குத் தெரியாது. தமயந்தியுடையதாக இருக்கலாம். நான் கேட்கப் போவதில்லை.

குடும்பத்தாருக்குச் செய்தியின் முழு நகலைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. ஒரு தாளை மேசைமேல் வைத்துவிட்டு அவர் வெளியே போனார். ஆறு வாக்கியங்கள். முதல் நான்கும், எனக்கு வந்த அந்தப் பம்பு வாக்கியம் உட்பட, அறையின் எண், ஆட்கள், தண்ணீர் எவ்வளவு, காற்று எவ்வளவு என்று சொன்னன. அவர் ஆங்கிலத்தில் எழுதிய கடைசி இரண்டையும் தமிழில் சொல்கிறேன்: ‘என் மனைவி பிரகாசி தூத்துக்குடியில் ஏதோ செய்தி அலுவலகத்தில் இருக்கிறாள்; இது ஒருவேளை அவள் கைக்கு வரலாம் என்பதால் இரண்டு முறை சரிபார்த்து எழுதியிருக்கிறேன். தட்டச்சில் போவதால் கையெழுத்தே இல்லாத கடிதம் இது, எல்லா இடத்திலும் எஸ்ஸும் போட்டுவிட்டேன், நீ ஜெயித்தாய், இனி அந்த ஒரு மார்க்கைக் குறைக்க உனக்குக் காரணமில்லை.’

தாளை நாலு தடவை படித்தேன். முதல் தடவைதான் மனைவியாகப் படித்தேன். மற்ற மூன்று தடவையும் பிழை தேடினேன். ஒரே ஒரு பிழை கிடைத்தால் போதும், தடம் இருந்தும் கவனிக்கவில்லை என்று அலுவலகத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் உயிரோடு இருந்துகொள்வேன். ஒவ்வொரு வினையாக, ஒவ்வொரு புள்ளியாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. பதினான்கு வருடம் நான் சொல்லிக்கொடுத்த எதையும் அவர் மறக்கவில்லை.

கீழே கையெழுத்துப் போட்டேன். மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து, தலைப்பில் பத்துக்குப் பத்து என்று எழுதி வட்டம் போட்டேன். வழக்கம்போல நாலாக மடித்தேன். மடித்து முடித்த பிறகுதான், திருப்பி அனுப்ப ஆள் இல்லை என்பது உறைத்தது.