மூடுபனியில் கரை விசில்

வாஷ் என்னும் சேற்றுக் கழிமுகத்தின் கடலணைக்கு அண்ணனும் தம்பியும் வந்து சேர்ந்தபோது இன்னும் விடியவில்லை. ஜேபஸுக்குக் கணுக்காலில் சுளுக்கு. அவனும் கிழட்டு நாய் பெக்கும் கரையில் நிற்க, தம்பி சிரில் மட்டும் துப்பாக்கியோடு சேற்றில் இறங்கினான்.

“சுளுக்குன்னு சாக்கு சொல்லிக் கரையிலயே குந்திக்கிட்டியாண்ணே? வாத்துக்கறி எனக்கு, கழுத்தெலும்பு உனக்கு!”

“வாய மூடிட்டுப் போடா. வெறுங்கையோட வந்தா வீட்டுக்குள்ள விடமாட்டேன்.”

வெளிச்சம் வரும்போது காட்டு வாத்துக் கூட்டம் கத்திக்கொண்டு தலைக்குமேல் போனது. வெடிச்சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே மூடுபனி வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. அழுகிய பாசி நாற்றம் மூக்கில் ஏறியது. ஓடைகளில் கடல்நீர் ஏறும் சளசளப்பு தொடங்கிவிட்டது.

பனி இறங்கினால் கரையில் நிற்பவன் விசில் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே வேட்டைக்காரர்களின் கட்டுப்பாடு. சேற்றில் இருப்பவன் பதிலுக்கு ஊதியபடி அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருவான். கரை விசில் நின்றால் திசை போச்சு. திசை போனால் ஆளும் போச்சு.

ஜேபஸ் ஊதினான். தூரத்தில் பதில் வந்தது. மறுபடி ஊதினான். பதில் கொஞ்சம் நெருங்கியது.

பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் கரையேறியது. சிரிலின் தொப்பி, சிரிலின் கோட்டு. ஜேபஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துப்பாக்கி எங்கே என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

“வந்துட்டியாடா! பயந்தே போயிட்டேன்.”

“வந்துட்டேண்ணே. வீட்டுக்குப் போலாம்.”

பெக் வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கியது.

சேற்றிலிருந்து விசில் கேட்டது.

“யாருடா அது?”

“யாருமில்லண்ணே.”

மறுபடி விசில். இம்முறை விட்டு விட்டு, மூச்சிரைப்போடு.

ஜேபஸ் தன் விசிலை வாய்க்குக் கொண்டுபோனான். ஈர விரல்கள் அவன் கையைப் பற்றின. அப்படி ஒரு குளிர்ச்சியை அவன் எந்த மனிதனிடமும் உணர்ந்ததில்லை.

“ஊதாதண்ணே,” காதோரம் கிசுகிசுப்பு. “ஊதினா அவன் வந்துருவான்.”

எது தன் தம்பி? முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க ஜேபஸுக்குத் துணிவு வரவில்லை. அவன் தயங்கி நின்ற நேரமெல்லாம் சேற்று விசில் கெஞ்சிக்கொண்டே இருந்தது.

பெக் குரைத்தபடி அந்தச் சத்தத்தை நோக்கிப் பாய்ந்தது.

அப்போதுதான் ஜேபஸ் அந்த ஈர விரல்களை உதறிவிட்டு ஊதினான். தொண்டை கிழிய ஊதினான்.

பதில் வரவில்லை. தண்ணீர் கரையைத் தொட்டது.

“அழாதண்ணே,” என்றது பக்கத்தில் சிரிலின் குரல். “நான்தான் வந்துட்டேன்ல.”