துருத்திக் கைப்பிடி

மோட்டாரை அணைத்த பிறகும் ஈயக்குண்டு அடங்கவில்லை.

ஆர்கன் வாத்தியத்தின் பக்கப் பலகையில் நூல் கட்டித் தொங்கவிட்ட குண்டு அது. உள்ளே துருத்தியில் காற்று நிறைந்தால் மேலே ஏறும். காற்று தீர்ந்தால் இறங்கி, அடியில் கீறியிருக்கும் கோட்டில் வந்து நிற்கும். அவள் நாளைய ஆராதனைக்கான பாடல்களை வாசித்துப் பார்த்துவிட்டுச் சுவிட்சை அணைத்து வெகுநேரமாகியிருந்தது. மழையில் ஊறிய கல்சுவரின் வாடையும் அணைந்த மெழுகுவத்திகளின் புகையும் கலந்து நிற்க, வண்ணக் கண்ணாடிகளிலிருந்து அந்தி வெளிச்சம் கொஞ்சங்கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்த அந்தத் தேவாலயத்தில், குண்டு மட்டும் மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது, தூங்குகிறவரின் மார்பைப் போல.

"முடிஞ்சுதாக்கா?" ஆர்கன் மாடத்துக்குக் கீழேயிருந்து மணியடிப்பவர் கேட்டார். "பக்கத்துக் கதவையெல்லாம் பூட்டிட்டு வந்துடறேன்."

"மோட்டார் நின்னுடுச்சா தம்பி, கொஞ்சம் பாருங்க."

"அது அப்பவே நின்னாச்சு. சொன்ன பேச்சு கேக்கும்க்கா. உங்க வீட்டுக்காரர் மாதிரி நடுவுல டீ கேட்டு நச்சரிக்காது." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாய் தவறிடுச்சு, மனசுல வெச்சுக்காதீங்க."

"பரவாயில்ல. அவர் இருந்தா அவரே சிரிச்சிருப்பார்."

சாவிக்கொத்தின் சத்தம் தூணுக்குத் தூண் தேய்ந்து மறைந்தது.

கல்யாணமான புதிதிலிருந்தே அவள் முன்னால் உட்கார்ந்து வாசிக்க, அவர் பின்னால் இருட்டறையில் நின்று துருத்தியின் நீண்ட கைப்பிடியை ஏற்றி இறக்குவார். நடுவில் மரப்பலகை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. தட்டுவதுதான் பேச்சு. அவள் ஒருமுறை தட்டினால் காற்று வேண்டும் என்று அர்த்தம். கை ஓய்ந்தால் அவர் உள்ளிருந்து இரண்டுமுறை தட்டி, போதுமா என்று கேட்பார். அவளும் இரண்டு தட்டினால் நிறுத்துவார். ஒன்று தட்டினால், எவ்வளவு களைத்திருந்தாலும், தொடர்வார். "பேரு உனக்கு, மூச்சு எனக்கு" என்று வீடு திரும்பும் வழியெல்லாம் கேலி செய்வார்.

நுரையீரல் கெட்டு அவர் படுத்த பிறகுதான் மோட்டார் வந்தது. தச்சர் அந்தக் கைப்பிடியை அறுத்தெடுத்தார். உள்ளங்கை பட்டுப் பட்டு நடுவில் குழிந்து, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கிய கட்டை. அவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், சவப்பெட்டியில் அவர் விரல்களுக்குள் அவள்தான் அதை வைத்தாள்.

அதற்கு முந்தைய இரவை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்குப் பேச்சு அடங்கிவிட்டிருந்தது. ஒரு விரல் மட்டும் கட்டில் கம்பியில் இரண்டுமுறை தட்டியது. பக்கத்தில் நின்ற நர்ஸுக்கு அது வெறும் நடுக்கம். அவளுக்குப் புரிந்தது. அவள் கம்பியில் ஒருமுறை தட்டினாள். அவர் மூச்சை இழுத்தார். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டார். மறுபடியும் ஒன்று. விடியும்வரை அப்படியே. கடைசியில் மூச்சுதான் நின்றதே தவிர, போதும் என்று அவள் சொல்லவே இல்லை.

இன்று சுவிட்சைப் போடுவதற்கு முன், பழக்கதோஷத்தில் பலகையை ஒருமுறை தட்டிவிட்டிருந்தாள்.

அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

குண்டு ஏறியது. இறங்கியது.

விரலால் வாசிப்புக் கட்டை ஒன்றை அழுத்தினாள். குழலிலிருந்து நீண்ட, தாழ்ந்த நாதம் புறப்பட்டது. மோட்டாரின் காற்று ஒரே சீராக வரும். இது அப்படி இல்லை. கொஞ்சம் தளர்ந்து, கொஞ்சம் தம் கட்டி, மறுபடி எழும்பும் காற்று. எத்தனையோ வருஷம் இதன்மேல்தான் அவள் பாடல்களைத் தூக்கி நிறுத்தியிருந்தாள். கண் நிறைந்துவிட்டது. பயத்துக்கும் முன்னால் வந்தது அதுதான்.

விரலை எடுத்தாள். நாதம் நின்றது. அதன் அடியில் இருந்த சத்தம் நிற்கவில்லை. நெஞ்சில் சளி கட்டியவர் மூச்சு வாங்கும் சத்தம்.

"என்னங்க," என்றாள்.

மழைவாடைக்குள் வேறொரு வாடை. தோண்டிய மண்.

எழுந்தாள். பலகையைத் தடவிக்கொண்டே பின்னால் போனாள். இருட்டறையின் கதவு தொட்டதும் திறந்துகொண்டது.

அறுத்த இடத்தில் கைப்பிடி இருந்தது.

அதே கட்டை. அதே குழி. குழி நிறைய ஈர மண். மேலே போனது. கீழே வந்தது. பிடித்திருக்கும் கை தெரியவில்லை. ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் மண் உதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் அந்த மூச்சிழுப்பு. முன்பைவிடக் கஷ்டமாக.

பாதியில் நின்றது.

பலகையில் தட்டும் சத்தம். ஒன்று. இரண்டு.

கேட்கிறார்.

அவளும் இரண்டு தட்டினால் போதும். அவர் கையைத் தொங்கவிடலாம். போய்ப் படுக்கலாம். அதற்குப் பிறகு அவள் கதவைச் சாத்திவிட்டு, மழையில் நடந்து, விளக்கில்லாத வீட்டின் பூட்டைத் திறக்க வேண்டும். கூடத்தில் அவர் செருப்பு இன்னும் இருக்கும்.

கையைத் தூக்கினாள். பலகையில் விரல் பட்டது.

ஒன்று.

இன்னொன்றுக்காக அந்த அறை காத்திருந்தது. அவளும்தான் காத்திருந்தாள், தன் விரலையே பார்த்துக்கொண்டு. அது எழவில்லை.

இருட்டில் மெல்லிய முனகல். பிறகு, கட்டையிலிருந்து மண் உதிர உதிர, கைப்பிடி மறுபடி மேலே எழுந்தது.