பிடி விட்ட இடம்

பிப்ரவரி பதினேழாம் நாள், மூழ்கிய கப்பலுக்குள் சென்றவர்கள் இருவர்; வெளியே வந்தவர்களும் இருவர்; ஆகவே குறையொன்றும் இல்லை என்று படகுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அக்காவின் குறையே அந்தக் கணக்கில்தான் இருந்தது. தலைகளை எண்ணினார்களே தவிர, எவருடைய தலை என்று ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை.

அவளும் தம்பியும் ஓராண்டாக மூழ்கிய கப்பல்களைத் தேடித் தேடி முக்குளித்துக்கொண்டிருந்தார்கள். அவள் இயன்முறை மருத்துவர். பகலெல்லாம் பிறருடைய தோள்களையும் முழங்கால்களையும் பிடித்துப் பிடித்து, ஆளைப் பார்க்காமலே தசையைத் தொட்டு இன்னார் என்று சொல்லக்கூடியவள். தம்பி, லிஃப்ட் பழுது பார்ப்பவன், எதிலும் அவசரக்காரன், அவளை இந்தப் பழக்கத்திற்கு இழுத்துவந்தவனும் அவனே. முதலில் சொந்தக் கரைக்கு அருகில் நிலக்கரி ஏற்றிய பழைய கப்பல் ஒன்று. பிறகு, கடல் கடந்துபோய், பவளம் மூடிய போர்க்கப்பல் ஒன்று. பனிக்குளிர் ஏரியின் அடியில் வண்ணம்கூட உரியாமல் கிடந்த நீராவிப் படகு ஒன்று. கடைசியாக, பயணிகளோடு கவிழ்ந்து பக்கவாட்டில் கிடந்த இந்தக் கப்பல்.

மற்றவர்கள் அதன் வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இவர்கள் இருவரும், தளத்தில் இருந்த பிளவில் வழிக்கயிற்றின் நுனியைக் கட்டிவிட்டு, அறைகளுக்கு நடுவே ஓடும் நடைபாதைக்குள் நுழைந்தார்கள். சுவர் தரையாகவும் தரை சுவராகவும் மாறிப்போயிருந்த அந்தப் பாதையில் அறைக்கதவுகள் எல்லாம் காலடியில் கிணறுகளைப்போல் திறந்துகிடந்தன. திரும்பும் வழியில் எவருடைய கால்துடுப்போ வண்டலைக் கிளறிவிட, டார்ச் வெளிச்சம் முகக்கண்ணாடிக்கு முன்னாலேயே பழுப்புச் சுவராகி நின்றுவிட்டது.

இத்தகைய நேரத்திற்கென்று விதி ஒன்று உண்டு. முன்னால் இருப்பவர் கயிற்றை விடாமல் பற்றிக்கொள்ள, பின்னால் இருப்பவர் அவருடைய மேற்கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்னே தள்ளினால் போ என்று பொருள். இறுக்கினால் நில் என்று பொருள். தம்பி எந்த விதியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் அல்லன். இறுக்க வேண்டிய இடத்தில் கிள்ளுவான். தள்ள வேண்டிய இடத்தில் இடிப்பான். மேலே வந்ததும், நீ ஆமை மாதிரி ஊர்ந்தா நான் வேற என்ன பண்றது என்று கேட்டுச் சிரிப்பான். அன்றும், சுவரில் கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஓரிடத்தில், கிள்ளினான். அவள் நின்றாள். பிடி விட்டது. ஒரு மூச்சுக் குமிழிகளாகி மேலே போகும் நேரம், அவ்வளவுதான். பிறகு பிடி மறுபடியும் விழுந்தது. முன்பைவிடச் சற்று மேலே, தோளுக்கு அருகில். ஐந்து விரல்களும் ஒழுங்காக, விதிப்படி, மெல்ல முன்னே தள்ளின.

அவள் போனாள்.

படகில் ஏறிய தம்பி கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்துப் புன்னகைத்தான். அவன் முகமேதான். உதட்டோரத்துத் தழும்புகூட இருந்தது. படகுக்காரர் அவனுடைய சிலிண்டரின் காற்றுமானியைப் பார்த்துவிட்டு, "என்னங்க, உள்ள போய் மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தீங்களா? பாதி அப்படியே இருக்கே" என்று வியந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தம்பியும் சிரித்தான்.

வீடு திரும்பிய பின்னர் அவள் ஆராய்ந்தாள். லிஃப்ட் கதவில் நசுங்கிய அவனுடைய வலது கட்டைவிரலை மடக்கவைக்க அவள் எத்தனையோ மாதம் பாடுபட்டிருந்தாள். அது சுண்டுவிரலைத் தொட்டதே இல்லை. இப்போது தொட்டது. பட்டென்று, எண்ணெய் இட்ட கீலைப்போல மடங்கித் தொட்டது. உங்க வைத்தியம் பலிச்சிடுச்சு அண்ணி என்று தம்பி மனைவி மகிழ்ந்துபோனாள். அந்தக் கையை அக்கா வெகுநேரம் பிடித்துப் பார்த்தாள். தசை இருந்தது, சூடும் இருந்தது, ஆனால் அந்தச் சூடு, அவள் உள்ளங்கையிலிருந்து அப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்ததைப்போல், அவள் கையை எடுத்ததும் அடங்கிவிட்டது.

அதன் பிறகு, நண்பகல் வெயில் கூடத்தில் விரிந்துகிடக்கும்போதே தம்பியின் வீட்டுக்குள் ஈர இரும்பின் வாடை எழத் தொடங்கியது. ஆணியை வாயில் வைத்துக்கொண்டதுபோல் நாவின் அடியில் வந்து தங்கும் வாடை. மூடிய குளியலறைக்குள் குழாய் திறக்கும் ஓசை கேட்காது. ஆனால் அவன் வெளியே வரும்போது வாசற்படி நனைந்திருக்கும். லிஃப்ட் கூண்டுக்கு அடியிலுள்ள பள்ளத்தில் அவன் விளக்கே இல்லாமல் வேலை செய்வதாகவும், கூப்பிட்டால்தான் மேலே வருவதாகவும் அவனுடன் வேலை செய்பவர் பெருமையாகச் சொன்னார். அவன் அவளுடைய வீட்டுக்கு வந்தால், அவள் அடுப்பை நோக்கி நிற்கும் வேளையில் காலடி ஓசை இல்லாமல் பின்னால் வந்து, மேற்கையைத் தோளுக்கு அருகில் பற்றி மெல்ல முன்னே தள்ளுவான். கடைவீதியில், மாடிப்படியில், கதவு திறக்கும் இடங்களில் எல்லாம் அதே பிடி. போ. போ. போ.

தம்பி மனைவியிடம் சொல்லிப் பார்த்தாள். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவள் பொறுமையாகத்தான் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பத்து வருஷமா குடிய விடுங்க விடுங்கன்னு நான் கத்தினேன் அண்ணி. இப்ப விட்டுட்டார். சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வர்றார். பாத்திரம் கழுவறார். கை நீட்டறதில்ல. இதுல உங்களுக்கு என்ன குறை?"

"அது அவன் இல்லம்மா."

"இல்லாட்டிப் போகட்டும். எனக்கு இவரே போதும்."

இதுதான் அக்காவின் நெஞ்சை அறுத்தது. கெட்டிக்காரன் அல்லன், நல்லவன் என்று சொல்லவும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். என்றாலும் அவன் ஒருவன் இருந்தான். அவன் போன இடத்தில் போலியைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டு, போலி நன்றாக வேலை செய்கிறது என்று பாராட்டுகிறார்கள். இவர்களுக்கு ஆள் வேண்டியதில்லை. ஆள் இருந்த இடம் நிரம்பியிருந்தால் போதும். அவன் அந்தப் பாதையில் இன்னும் கிடக்கிறான் என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. பிடி விட்ட இடத்தில்தான் மாற்றம் நடந்தது. அதே இடத்திற்கு இதை அழைத்துச் சென்று, அங்கே நின்று, பிடி விடும்வரை காத்திருந்தால், மறுபடியும் விழும் பிடி கிள்ளும். கட்டாயம் கிள்ளும். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

அந்தக் கப்பலுக்கு இன்னொரு முறை போகலாமா என்று அவனிடம் கேட்டாள். அவன் கழுவிக்கொண்டிருந்த தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்ப கேப்பேன்னுதான் பாத்துட்டிருந்தேங்க்கா" என்றான்.

படகுக்காரர் அவர்களை மறக்கவில்லை. மூச்சே விடாத ஆளு வந்துட்டாருப்பா என்று மற்றவர்களிடம் அறிமுகப்படுத்தினார். தனியாக இறங்குவதற்கு அனுமதி இல்லை. ஆளுக்கொரு துணை இருந்தால் போதும் என்றார். நல்ல வெயில். கடல் கண்ணாடியாகக் கிடந்தது. இறங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் கீழே போகப் போக, நீலம் பச்சையாகி, பச்சை சாம்பலாகி, அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து கப்பலின் வயிறு, துருவும் பாசியும் தொங்க, அவளை நோக்கி எழுந்து வந்தது. அவளுடைய மூச்சு மட்டும் காதுக்குள் கரகரத்தது. பக்கத்தில் வருகிறவனிடமிருந்து குமிழி ஒன்றுகூட எழவில்லை.

பிளவு. கயிற்றைக் கட்டினாள். உள்ளே.

காலடியில் திறந்த கதவுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. இந்த முறை வண்டலை எவரும் கிளறவில்லை. அது தானாகவே, கீழே இருந்த அறைகளிலிருந்து, கொதிக்கும் பாலைப்போல் பொங்கி எழுந்தது. டார்ச் அவிந்தாற்போல் ஆயிற்று. மேற்கையில் பிடி விழுந்தது. தோளுக்கு அருகில். மெல்லத் தள்ளியது. அவள் போனாள். இன்னும் தள்ளியது. இன்னும் போனாள். சுவரில் கம்பி நீட்டிக்கொண்டிருந்த இடம் கைக்குத் தட்டுப்பட்டது. இங்கேதான்.

நின்றாள்.

பிடி தள்ளியது. அவள் கம்பியைப் பற்றிக்கொண்டு அசையாமல் நின்றாள். பிடி மறுபடியும் தள்ளியது. பிறகு, விட்டது.

ஒரு மூச்சு. இன்னொன்று. இருட்டுக்குள் கையை நீட்டினாள். கீழே, திறந்த கதவுக்குள்ளிருந்து, கையொன்று மேலே வந்து அவள் கையைப் பற்றியது. கையுறை இல்லாத கை. மடங்காத கட்டைவிரல். அவள் கண்ணாடிக்குள்ளேயே அழுதாள். தம்பி. தம்பி. இழுத்தாள். அவன் கிள்ளினான். வலிக்க வலிக்கக் கிள்ளினான். அவள் சிரித்தாள் என்றே சொல்ல வேண்டும். மணிக்கட்டைத் தடவி, முழங்கையைத் தடவி, தோள், கழுத்து என்று தடவிக்கொண்டே போய் முகத்தைத் தொட்டாள்.

முகம் இல்லை.

மூக்கு இல்லை, வாய் இல்லை, கண் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளமும் இல்லை. ஆற்றில் உருண்ட கல்லைப்போல், நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே வழவழப்பு. அந்த வழவழப்பு அவள் உள்ளங்கைக்குள் இப்படியும் அப்படியும் ஆடியது. வேண்டாம் என்பதைப்போல. கிள்ளினான். மறுபடியும் கிள்ளினான். அவன் கிள்ளினால் நில் என்று பொருள். உள்ளே வராதே என்று அவன் முன்பே சொல்லிக்கொண்டிருந்தான்.

பின்னால் பிடி விழுந்தது. இரண்டு கைகளிலும். தள்ளியது.

அவள் கம்பியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பொறுமையாக. அறைக்குள் இறக்கினார்கள். அங்கே நிறையக் கைகள். அவசரமில்லாத கைகள். வரிசையில் நெடுநாள் நின்று பழகிய கைகள். தோள்பட்டை வார் கழன்றது. சிலிண்டர் முதுகைவிட்டுப் போனது. கால்துடுப்பு ஒன்று. இன்னொன்று. வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டாள். தாடையை அழுத்தும் இடம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாய் திறந்தது. கடல் உள்ளே வந்தது. உப்பு. இரும்பு. நிரம்பியது.

மூச்சு நின்றது.

அச்சம் நிற்கவில்லை. அவள் சாகக் காத்திருந்தாள். சாவு வரவில்லை.

வண்டல் தணிந்தது. அறையின் மறுபக்கத்தில் உடைந்த வட்டச் சாளரம். அதற்கப்பால் பச்சை வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் இருவர் கயிற்றோடு மேலே போனார்கள். முன்னால் போகிறவளின் கால்களில் அக்காவின் மஞ்சள் துடுப்புகள். பின்னால் போகிறவன் அவளுடைய மேற்கையைப் பிடித்திருந்தான். தோளுக்கு அருகில், விதிப்படி. பாதி தூரம் போனதும் அவள் குனிந்து கீழே பார்த்தாள். அக்காவின் முகம். அக்காவின் கண்கள். புன்னகை மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

மேலே படகின் நிழல். அங்கே யாரோ எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாகவே இருக்கும்.

கீழே, கையொன்று அக்காவின் நெற்றியில் வந்து அமர்ந்து, கீழ்நோக்கி மெல்லத் தடவியது. அவள் கண்ணை மூடவில்லை. கண் இருந்த இடம் மூடிக்கொண்டது. அதன் பிறகு தொடுகை மட்டும். பக்கத்தில் தம்பியின் விரல்கள். அவனுக்கு அப்பால் வேறு விரல்கள். அவற்றுக்கும் அப்பால், நடைபாதை முழுவதும், கதவு கதவாக.

கப்பல்களைப் பார்க்கக் கடல் கடந்து வருகிறவர்களே, தலைகளை எண்ணிவிட்டுக் கரைக்குத் திரும்புகிறவர்களே, உங்களுக்கு இந்த இடத்தில் எச்சரிக்கை செய்வதுதான் முறை. எச்சரிக்கையால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன பயன்? வாருங்கள். பிளவில் கயிற்றைக் கட்டுங்கள். கையுறையைக் கழற்றுங்கள். இருட்டுக்குள் கையை நீட்டுங்கள். எவரேனும் கிள்ளினால் பொருட்படுத்தாதீர்கள்.