இரண்டாவது மேடு

ஒரு மூச்சுக்கு ஒரு மேடுதான் வரவேண்டும். திரையில் இரண்டு வந்தது.

அறுவை முடிந்தவர்களைக் கண் விழிக்கும்வரை வைத்திருக்கும் அந்த அறையின் நான்கு கட்டில்களில், மூன்றாவதில் மட்டும் ஆள் இருந்தது. அங்கே பணியிலிருந்த நர்ஸின் சொந்தத் தங்கை. பித்தப்பையை எடுத்திருந்தார்கள். “மயக்கத்துல அவரைப் பத்தி உளறினா அம்மாகிட்ட போட்டுக் கொடுத்துடாதேக்கா” என்று கண்ணடித்துவிட்டு உள்ளே போனவள், இப்போது வலி மருந்தின் கனத்தில் வாய் பிளந்து கிடந்தாள். மூக்கில் செருகிய மெல்லிய குழாய் அவள் விடும் மூச்சைக் கொஞ்சம் உறிஞ்சிப் போய், அதிலிருந்த கரியமில வாயுவை அளந்து, மூச்சுக்கொரு மேடாகத் திரையில் வரைந்தது. ஸ்பிரிட் வாசனை. ஏசியின் முனகல். நர்ஸ் தங்கையின் மார்பில் கை வைத்து எண்ணினாள். நிமிடத்துக்கு எட்டு. திரையில் பதினாறு.

போனில் மயக்க மருந்து டாக்டர் சிரித்தார். “குழாய்ல தண்ணி கோத்திருக்கும் சிஸ்டர், மாத்துங்க. இந்தக் கேஸை முடிச்சிட்டு வரேன்.”

மாற்றினாள். மறுபடியும் பெரிய மேடு, அதன் பின்னால் சின்ன மேடு.

அப்புறம் எதுவுமே வரவில்லை. மார்பு அசையவில்லை.

“மூச்சை இழுடி!”

மூச்சு விட மறந்து தூங்குகிறவர்களிடம் தினமும் சொல்வதுதான். காதில் விழுந்தால் இழுப்பார்கள். தங்கை இழுத்து விட்டாள். மேடு எழுந்தது. பின்னாலேயே சின்னதும் எழுந்தது, முன்னைவிட உயரமாக.

நர்ஸ் அவசர மணியை அழுத்தினாள். யாரும் வரவில்லை. குழாயைத் தங்கையின் மூக்கிலிருந்து பிடுங்கி எறிந்தாள். அது காலியாகக் கிடந்த நான்காவது கட்டிலின் தலையணையில் விழுந்தது. திரையில் தட்டையான கோடு.

அப்பாடா.

தங்கையின் மார்பு மறுபடியும் நின்றது.

“இழுடா கண்ணு.”

இழுத்தாள். விட்டாள்.

திரையில் ஒரு மேடு. பெரியது.

குழாய் காலித் தலையணையில்தான் கிடந்தது.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லக் கூடாது. இனி சொல்லவே கூடாது. பத்து விநாடி. இருபது. தோளை உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள். அசைவில்லை. தங்கையின் உதடுகளில் நீலம் ஏறியது.

“இழு.”

தங்கையின் மார்பு எழுந்தது. நான்காவது கட்டிலில், சுருக்கமில்லாமல் இழுத்து விரித்த வெள்ளை விரிப்பும் நடுவில் மெல்ல எழுந்தது.

தங்கை மூச்சை விட்டாள்.

விரிப்பு இறங்கவில்லை.