அவரே நீட்டினார்

மதியச் சாப்பாட்டு வண்டி திரும்பிப் போன பிறகுதான் புகை டீச்சர் இதய வார்டுக்குள் நுழைவாள். மாரடைப்பு வந்து படுத்திருப்பவர்களை சிகரெட்டிலிருந்து மீட்பது அவள் வேலை. அந்தப் பெயரை வைத்தது நோயாளிகள்தான். உண்டு முடித்த வாய் வேறெதையோ தேடுகிற நேரம் அது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, நிக்கோடின் சூயிங்கத்தை மெல்ல வைத்து, ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போட வைத்துவிட்டால் அன்றைய பொழுது தப்பிவிடும்.

அன்று அவள் வந்தபோது எலெக்ட்ரீஷியனின் கட்டில் காலியாக இருந்தது. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா சிஸ்டர்? நாளைக்குன்னு சொன்னாங்களே."

தலைமை சிஸ்டர் தட்டிலிருந்த மாத்திரைகளைப் பார்த்தபடியே சொன்னாள். "நேத்து சாயந்திரம் போயிட்டார். பின்பக்கப் படிக்கட்டுல. வெரல் இடுக்குல சிகரெட் இருந்துச்சு."

அந்த மனிதன் படாத பாடுபட்டு சிகரெட்டை விட்டிருந்தான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிந்து, குழந்தை போல அழுது விட்டிருந்தான். முந்தின நாள்தான், "இட்லியில உப்பு இருக்கறதே இப்பத்தான் தெரியுது டீச்சர்" என்று சிரித்தான்.

துக்கத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி அங்கியில் பாக்கெட் கிடையாது. சொந்தத் துணிகளை வார்டில் சேரும்போதே வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். அவள் நேராகக் கீழே போய் வாட்ச்மேனைப் பிடித்தாள்.

"உள்ள யாருக்கு சிகரெட் வாங்கிக் குடுக்கறீங்க?"

"நான் ஏன்மா அந்தப் பாவத்த செய்யறேன்? என் வாய நாறடிக்கிற வெத்தலையையே வாசல்ல துப்பிட்டுத்தான் உள்ள வரேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்று முகம் சொன்னது. அதனால் கோபம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

எலெக்ட்ரீஷியனின் கட்டிலுக்கு ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். இதயக் குழாயில் அடைப்பெடுத்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வாய் ஓயாத மனிதர். சிஸ்டர் ஊசியோடு வந்தால், "சில்லறையா குடுங்க, நோட்டா குத்தாதீங்க" என்பார். டீச்சருக்கு அவரைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பிடித்துப்போனதாலேயே பயமாகவும் இருந்தது.

"இருபது வயசுல ஆரம்பிச்சது டீச்சர். கடைசி ட்ரிப் முடிஞ்சதும் ஒண்ணு இழுத்தாத்தான் வீட்டு ஞாபகமே வரும்."

"இனிமே வீட்டு ஞாபகம் நேரா வரட்டும். நடுவுல எதுக்கு தரகர்?"

கண்டக்டர் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. வெளியே வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணுக்கு இப்பத்தான் வரன் பாத்துட்டிருக்கோம். இவர நம்பித்தான் எல்லாமே. எப்படியாவது விட வச்சிருங்க டீச்சர்."

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. சூயிங்கம் மென்றார், தண்ணீர் குடித்தார், கை சும்மா இருக்க முடியாமல் தலையணை உறையின் நூலைப் பிரித்தார். ஒரு நாள் மதியம் டீச்சர் குனிந்து பேசும்போது அவர் மூச்சில் புகை நாற்றம் குப்பென்று அடித்தது.

"யார் குடுத்தா?"

கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கேக்கறேன்ல. யார் குடுத்தா?"

"படிக்கட்டுல ஒருத்தர் இருக்கார் டீச்சர். அவரும் நம்மள மாதிரி பேஷன்ட்தான். மணிக்கட்டுல பஞ்சு வச்சு பிளாஸ்திரி ஒட்டியிருக்கார். நானா கேக்கல. அவரே நீட்டினார். ரெண்டே இழுப்பு."

டீச்சர் வார்டு முழுக்க நடந்தாள். ஒவ்வொரு கட்டிலாக, ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். மருந்து ஏற்றும் ஊசி எல்லார் கையிலும் இருந்தது. பஞ்சு வைத்த பிளாஸ்திரி எவர் கையிலும் இல்லை. அந்த மாதிரி ஒட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள் என்று பிறகுதான் உறைத்தது.

தலைமை சிஸ்டரிடம் சொன்னபோது அவள் டீச்சரை மருந்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"நீங்க இங்க வேலைக்கு வர்றதுக்கு முந்தி. ஒருத்தர் இருந்தார். சிகரெட்ட விடணும், எப்படி விடறது, சொல்லிக் குடுங்கன்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் கேட்டார். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தப்போ அவர் கையப் புடிச்சுக்கிட்டே கேட்டார். 'விட்டா பொழைப்ப, விடலன்னா சாவ. எனக்கு வேற பேஷன்ட் இருக்காங்க'ன்னுட்டு கைய உதறிட்டுப் போயிட்டார். அன்னிக்கு மத்தியானம் அந்தப் படிக்கட்டுலதான்..."

"இத ஏன் சிஸ்டர் முன்னாடியே சொல்லல?"

"என்னன்னு சொல்ல? அப்பவே அந்தப் படிக்கட்டுக் கதவப் பூட்டியாச்சு. சாவி என்கிட்ட. எலெக்ட்ரீஷியன எடுக்கறதுக்கு நான்தான் போய் பூட்டத் தொறந்தேன்."

"அப்போ அவர் எப்படி உள்ள போனார்?" என்றாள் டீச்சர்.

"பூட்டு இந்தப் பக்கம் தொங்குது டீச்சர். அவர் அந்தப் பக்கம் கெடந்தார்."

மறுநாள் டீச்சர் கண்டக்டரின் கட்டிலை விட்டு நகரவில்லை. சாப்பாட்டு வண்டி போனது. வார்டில் மதியத் தூக்கம் கவிந்தது. மின்விசிறியின் முனகலும் இதயத் துடிப்பைக் காட்டும் இயந்திரங்களின் சிணுங்கலும் மட்டும் கேட்டன. கடைசிக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். எழுந்துபோய் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

கட்டிலில் கண்டக்டர் இல்லை.

கழற்றிய ஒயர்கள் மெத்தை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஓடினாள். பின்பக்கக் கதவு நடைபாதையின் கோடியில் இருந்தது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கதவுக்கும் தரைக்கும் இடையிலிருந்து புகை மெல்லிய நாடாவாகக் கசிந்து அவள் கால்விரல்களைச் சுற்றியது. வெயில் கொளுத்துகிற பகலில் அந்தப் புகை ஐஸாகக் குளிர்ந்தது.

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

கண்டக்டரின் இருமல்.

"சிஸ்டர், சாவி."

பின்னாலேயே ஓடிவந்த சிஸ்டர் சாவியை நீட்டினாள். அதற்கு மேல் ஓர் அடி வரவில்லை. பூட்டு திறந்தது.

படிக்கட்டில் ஜன்னல் இருந்தும் வெளிச்சம் இல்லை. சாம்பலும் பழைய டெட்டாலும் கலந்த வாடை. மேல்படியில் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் தோளோடு தோள் உரசி இன்னொருவர், பழைய பாணி ஆஸ்பத்திரி அங்கியில். மணிக்கட்டில் பிளாஸ்திரி. பார்க்க நல்ல முகம், பக்கத்து வீட்டுப் பெரியவர் முகம்.

அவர் நெஞ்சு ஏறி இறங்கவில்லை. வாயிலிருந்து புகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

டீச்சருக்குத் திரும்பி ஓடத் தோன்றியது. ஆனால் எலெக்ட்ரீஷியனின் சுருட்டிய மெத்தை கண்ணுக்குள் வந்தது. பயம் அப்படியே கோபமாக எரிந்தது. எட்டிப்போய்க் கண்டக்டரின் விரலிலிருந்த சிகரெட்டைத் தட்டிவிட்டாள்.

"உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்றாள், மற்றவரைப் பார்த்து.

அவர் நிமிர்ந்தார். கிசுகிசுப்பான, பணிவான குரல்.

"நான் கேட்டேம்மா. யாரும் சொல்லித் தரல."

"தெரியும். உங்களுக்கு நடந்தது அநியாயம். அதுக்கு இவர் என்ன செஞ்சார்? அந்த எலெக்ட்ரீஷியன் என்ன செஞ்சார்? கைய உதறிட்டுப் போனாரே, அந்த டாக்டர்கிட்ட போங்களேன்."

அவர் கொஞ்சம் வருத்தத்தோடு சிரித்தார்.

"அவர் சிகரெட் பிடிக்க மாட்டாரேம்மா."

பிறகு கண்டக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தனியா உக்காந்திருக்க முடியல."

டீச்சர் கண்டக்டரின் மறு கையைப் பிடித்து இழுத்தாள். பாறையை இழுப்பதுபோல இருந்தது. கண்டக்டரின் கண்கள் சொருகின.

"கண்டக்டர், என்னப் பாருங்க. இவர் இழுக்கறதாலதான் உக்காந்திருக்கீங்கன்னு நெனைக்காதீங்க. உங்களுக்கே இன்னொரு இழுப்பு வேணும். அதான். அந்த ஆசை இப்போ போயிரும். நான் சொல்லிக் குடுத்தேன்ல? மூச்ச இழுங்க. விடுங்க. உங்க சம்சாரம் கீழ நிக்கறாங்க. இழுங்க. விடுங்க."

ஒரு மூச்சு. இன்னொன்று. கரகரவென்று, உடைந்து உடைந்து.

கண்டக்டரின் உதடு அசைந்தது. "சார்... என் ஸ்டாப்பு வந்துருச்சு. நான் எறங்கறேன்."

பிடி விட்டது. இருவரும் நடைபாதையில் வந்து விழுந்தார்கள். கதவு அவர்களுக்குப் பின்னால் மெதுவாக, மரியாதையாகச் சாத்திக்கொண்டது. கண்டக்டரின் மணிக்கட்டில் ஐந்து விரல் தடம், நெருப்புச் சுட்டதுபோலக் கன்றியிருந்தது.

அன்று சாயந்திரம் டீச்சர் பெரிய டாக்டரின் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"விட்டா பொழைப்ப, விடலன்னா சாவன்னு ஒருத்தர்கிட்ட சொன்னீங்களாமே?"

"எல்லார்கிட்டயும்தான் சொல்றேன். அதுல என்ன தப்பு?"

"எப்படி விடறதுன்னு கேட்டாரே டாக்டர். உங்க கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாரே. அதுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். "எனக்கு ஞாபகம் இல்லம்மா."

மேஜையை உலுக்க வேண்டும்போல அவளுக்கு வெறி வந்தது. கொன்றவனுக்கு ஞாபகம் இல்லை, செத்தவனுக்கு மறக்கவில்லை. "அந்தக் கதவ செங்கல் வச்சு அடைங்க. அடைக்கலன்னா உங்க பேஷன்ட் எப்படி செத்தாங்கன்னு வாசல்ல நின்னு சொல்லுவேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த டாக்டர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த வாரமே கொத்தனார் வந்தார். சுவர் எழும்பியது, பூசி வெள்ளையடித்தார்கள். அதன்பின் வார்டில் புகை வாடையே இல்லை.

கண்டக்டர் வீட்டுக்குப் போனார். டீச்சர் அடிக்கடி ஃபோன் செய்து விசாரித்தாள். சிகரெட் இல்லை. மூச்சு வாங்குவதில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் கண்டக்டரின் மனைவியே கூப்பிட்டாள். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"நல்லா இருக்கார் டீச்சர். தொடவே இல்ல. எல்லாம் உங்க புண்ணியம். கட்டிக்கப்போற மாப்பிள்ளையும் வந்திருக்கார், ரெண்டு பேரும் இப்பத்தான் சாப்ட்டாங்க. வாசல்ல அவர் சிநேகிதர் வந்திருக்கார், ஆஸ்பத்திரியில பழக்கமாம். பாவம், கையில இன்னும் பிளாஸ்திரியோட இருக்கார். நனைஞ்சுக்கிட்டு நின்னாரு, உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருக்கேன்."

டீச்சர் குறுக்கிட்டாள். "ஃபோன உங்க வீட்டுக்காரர்கிட்ட குடுங்க. இப்பவே குடுங்க."

"இதோ." நாற்காலி நகரும் ஓசை. பேச்சுச் சத்தம் தேய்ந்து நின்றது. பிறகு அந்த அம்மாள் லேசான குழப்பத்தோடு சொன்னாள்:

"என்ன டீச்சர் இது, மாப்பிள்ளையும் அந்த சிநேகிதரும் பின்பக்கம் சிகரெட் பிடிக்கப் போயிருக்காங்களாம். மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் உண்டுன்னு எங்களுக்கே தெரியாது. அவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?"