கூட வந்த நாற்பத்தொன்பது கிலோ

முதல் ஊரில் லிஃப்ட் மெக்கானிக் இறங்கியபோது மதியம் இரண்டு மணி. வீட்டுக்கு நேராகப் போகும் ரயில் ஒன்று உண்டு. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். இவனோ வழியில் மூன்று ஊர்களில் இறங்கி, அறை எடுத்து, குளித்து, தூங்கி, பூவாக வீடு போய்ச் சேருவதாகத் திட்டம் போட்டிருந்தான். கேட்டவர்களிடம் இடுப்பு வலி என்றான். பாவம் இடுப்பு, அதற்கு எதுவும் தெரியாது.

ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் இரண்டு சாவிகளை எடுத்து வைத்தாள்.

"ஒண்ணு போதும்மா."

"இன்னொண்ணு உங்க கூட வந்தவருக்கு சார்." அவன் தோளைத் தாண்டிப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள். "இப்ப இங்கதானே நின்னாரு."

திரும்பிப் பார்த்தான். வாசல் கண்ணாடிக் கதவு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

லிஃப்டில் பொத்தான்களுக்கு மேலே ஒரு சின்ன எண் பலகை இருந்தது. உள்ளே ஏறியிருக்கும் எடையைக் காட்டுவது. மற்றவர்கள் மாடி எண்ணைப் பார்ப்பார்கள். மெக்கானிக் எடையைப் பார்ப்பான். தொழில் புத்தி. பெட்டியோடு சேர்த்து அவன் எண்பது கிலோ.

பலகை நூற்று இருபத்தொன்பது என்றது.

பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு அடி வாங்கியவன்தான். இந்தக் கழித்தலை மட்டும் இப்போதெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுவான். நாற்பத்தொன்பது கிலோவில் அவனுக்குத் தெரிந்த ஆள் ஒருவன்தான்.

குண்டூசி.

ஐந்து வருடம் ஒரே அறையில் தங்கி, ஒரே பானையில் சாப்பிட்டுக் கூட வேலை பார்த்தவன். ஆள் அவ்வளவு ஒல்லி. "நான் ஏறினா லிஃப்டுக்கே தெரியாது"ன்னு அவனே சொல்லிச் சிரிப்பான். சொத்தைப் பல்லுக்கு எந்நேரமும் கிராம்பு மெல்லுவான். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கும். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. மெக்கானிக்கின் மகளை போனில் பார்த்து, "அடுத்த லீவுக்கு ஊசி மாமாவும் வருவேன், சோறு போடுவியா"ன்னு கேட்பான்.

அவர்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். மாட்டியவன்தான் எடுக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் வேறு கை அதைத் தொடக் கூடாது.

பதினோரு நாளைக்கு முன்னால் வேறு கை தொட்டது. லீவு கிடைத்த சந்தோஷத்தில், ரயிலுக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில் இருந்த மெக்கானிக், குண்டூசி மேலே ஏறி வந்துவிட்டு அட்டையை மறந்துவிட்டான் என்று தானாக முடிவு செய்துகொண்டான். எடுத்தான். சுவிட்சைப் போட்டான்.

குண்டூசி மேலே வந்திருக்கவில்லை.

விசாரணையில், "அட்டையே மாட்டலை சார்"ன்னு சொன்னதும் இவன்தான். செத்தவன் தலையில் தப்பு விழுந்தது. அட்டை இவன் சட்டைப் பைக்குள் இருந்தது.

அன்றிலிருந்து ஏறிய லிஃப்டில் எல்லாம் நாற்பத்தொன்பது கிலோ கூடுதல். இதைக் கூட்டிக்கொண்டு நாலு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு எப்படிப் போவது? ஏதாவது ஒரு ஊரில் இதைக் கழற்றிவிட்டாக வேண்டும். மூன்று ஊர்த் திட்டம் அதற்குத்தான்.

இரண்டாவது ஊரில் ஓட்டல் நன்றாகவே இருந்தது. வெந்நீர், வெள்ளை விரிப்பு, மெத்தென்ற தலையணை. குளித்துவிட்டு வந்து பார்த்தால், அவன் தொடாத தலையணையில் ஒரு தலை அளவுக்குப் பள்ளம்.

கிராம்பு வாசனை.

பூங்காவுக்கு ஓடிப்போய் வெயிலில் உட்கார்ந்துவிட்டான். ஓய்வு எடுக்க வந்தவன் ஓடி ஓடியே இளைத்ததுதான் மிச்சம். மாலை அறைக்குத் திரும்பியதும் மனைவி போன் செய்தாள்.

"இடுப்பு எப்படி இருக்கு?"

"பரவால்லம்மா."

"உங்க போன் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போச்சு. ஓட்டலுக்குப் பண்ணேன். 'ரெண்டு பேரும் வெளியே போயிருக்காங்க'ன்னு சொல்றாங்க. யாரு அந்த ரெண்டாவது?"

"யாரும் இல்லம்மா. அவங்க தப்பா..."

"நேத்து தங்கின ஓட்டல்லயும் இதையேதான் சொன்னாங்க. அதுவும் தப்பா? எனக்குக் காது குத்தியாச்சுங்க. நேரா வர்ற ரயிலை விட்டுட்டு ஊர் ஊரா இறங்கி ரெஸ்ட் எடுக்கிற புருஷனை நான் இப்பதான் பார்க்கிறேன்."

"சத்தியமா தனியாத்தான் இருக்கேன்."

"அப்படியா? அந்தத் தனியையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. முகத்தைப் பார்த்து, சோறு போட்டு அனுப்பறேன்."

"அப்படிச் சொல்லாத," என்றான். அவன் குரலே அவனுக்குப் புதிதாக இருந்தது.

அறைக்குள் எங்கேயோ சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கியது.

மூன்றாவது ஊரில் அந்தச் சிவப்பு அட்டையை மேசை இழுப்பறைக்குள் போட்டு, மேலே பழைய செய்தித்தாளை வைத்து மூடினான். காலையில் பெட்டியோடு லிஃப்டில் ஏறினான்.

எண்பது.

இன்னொரு முறை பார்த்தான். சுத்தமான எண்பது. ரயிலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். எதிர் இருக்கைக்காரர் இரண்டு முறை தட்டி எழுப்பிக் குறட்டையை நிறுத்தச் சொன்னார். அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தூங்கினான்.

வீட்டுக் கட்டடத்தின் வாசலில் காலை வெயில் விழுந்திருந்தது. வாட்ச்மேன் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"வாங்க தம்பி. உங்க ஆளு முன்னாடியே வந்துட்டாரே."

"எந்த ஆளு?"

"ஒல்லியா ஒருத்தர். லிஃப்டுல வேலைன்னு சுவிட்சை அணைச்சு அட்டை மாட்டிட்டு உள்ள இறங்கினாரு. அஞ்சு நிமிஷம்தான் ஆகுது. 'மெக்கானிக் வருவான், அவனுக்கு எடுக்கத் தெரியும்'னாரு."

சுவிட்சில் அந்தச் சிவப்பு அட்டை தொங்கியது. குண்டூசியின் கோணல் எழுத்து: ஆள் உள்ளே.

போன் அடித்தது.

"ஏங்க, வந்துட்டீங்களா? உங்களைக் கூப்பிடத்தான் பாப்பாவோட இறங்கினேன். லிஃப்ட் பாதியில நின்னுடுச்சு. ஒரே இருட்டு. சீக்கிரம் சுவிட்சைப் போடுங்க."

"எத்தனை பேர் உள்ள இருக்கீங்க?"

"நானும் பாப்பாவும்தான்." பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "ஏங்க, இங்க கிராம்பு வாசனை வருது."

வாட்ச்மேன் சுவிட்சுப் பக்கம் கையை நீட்டினார். மெக்கானிக் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தொடாதீங்க. உள்ள ஆள் இருக்கு."

"பொண்டாட்டி பிள்ளை மாட்டியிருக்குப்பா."

"தெரியும்."

குழிக்குள் ஸ்பேனர் இரும்பில் மோதும் ஓசை. மெதுவாக. ஒன்று. இன்னொன்று. அவசரமே இல்லாத வேலை.

"ம்மா, ரெண்டு நிமிஷம் பாப்பாவை இறுக்கிப் பிடிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசருக்கு போன் போட்டான். முதல் முறை தவறான எண். இரண்டாவது முறை கிடைத்தார்.

"சார், அன்னிக்கு அட்டை மாட்டியிருந்தது. நான்தான் எடுத்தேன். அவன் மேல ஒரு தப்பும் இல்லை. நான் பொய் சொன்னேன் சார்."

சூப்பர்வைசர் என்ன சொன்னார் என்பது அவன் காதில் ஏறவில்லை. ஸ்பேனர் ஓசை நின்றிருந்தது.

நிமிர்ந்து பார்த்தான்.

சுவிட்சில் அட்டை இல்லை. மாட்டியவனே எடுத்துவிட்டான்.

சுவிட்ச் தானாகப் படக்கென்று மேலேறியது. லிஃப்ட் முனகிக்கொண்டு இறங்கி வந்தது. கதவு திறந்ததும் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். அவன் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு குழந்தையைப் போல அழுதான். குழந்தையோ அழாமல் அவனையே வேடிக்கை பார்த்தது. பிறகு லிஃப்டின் பக்கம் கையை நீட்டியது.

"ஊசி மாமா, வாங்க."

மூவரும் வெளியேதான் நின்றார்கள். காலி லிஃப்டுக்குள் எண் பலகை ஒளிர்ந்தது.

நாற்பத்தொன்பது.

பிறகு, யாரோ ஒரு காலை எடுத்து வெளியே வைத்தது போல, எண் குறைந்தது. இருபத்திரண்டு. ஏழு. பூஜ்ஜியம்.

"படியிலேயே போயிடலாம்," என்றாள் மனைவி. "ரெண்டு பேருக்கும்னு வீம்புக்கு ஒரு இலை கூடவே போட்டு வச்சிருக்கேன். அந்த ரெண்டாவது ஆளு எங்கே?"

அவன் மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

படியில், அவர்களுக்கு நாலைந்து படி முன்னால், சாவிக்கொத்து ஒன்று குலுங்கிக்கொண்டே ஏறிப் போனது.